அலை எண்ணும் உத்தியோகம்

லஞ்சம் வாங்கியே பழகிப்போன ஒரு அதிகாரியை ராஜா கடற்கரைக்கு மாற்றிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். "இங்கே உட்கார்ந்து வருகிற அலைகளை எண்ணிக் கொண்டிரு. இதில் என்ன சம்பாதிக்கிறாய், பார்த்துவிடுகிறேன்" என்றாராம் ராஜா. மறுநாளே ஆசாமி கரைக்கு வந்த கப்பல்களையெல்லாம் நிறுத்தி, "ராஜாங்க வேலை நடக்கிறது. நீ குறுக்கே வந்து அலையைக் கலைத்துவிட்டாய். கணக்குத் தப்பிவிட்டது. எடு அபராதத்தை!" என்று வசூலை ஆரம்பித்துவிட்டாராம்.

எங்கள் ஆபீஸ் கான்டீனில் இந்தக் கதையை எடுத்து விட்டவர் ஹெட் கிளார்க். பேச்சு எப்படியோ ஆழ்கடல் திட்டத்துக்கு வந்திருந்தது. 2021-ல் மத்திய அமைச்சரவை ஐந்து வருடத்துக்கு 4,077 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்ததே, அந்தத் திட்டம்.

"நாலாயிரம் கோடி! கடல்ல என்னத்தைத் தம்பி கண்டுபிடிக்கப் போறாங்க? தண்ணி இருக்கு. உப்பா இருக்கு. அலை அடிக்குது. இதைத் தெரிஞ்சுக்க கவர்மென்ட் காசு வேணுமா? மெரீனாவுல சுண்டல் விக்கிற பையனைக் கேட்டாச் சொல்வானே!"

மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதில் தெரியாதவன் வேறென்ன செய்வான்? டீயில் சர்க்கரை இல்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

ஆனால் கேள்வி மனசில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடலின் ஓட்டம், சூடு, உப்பு, அலை இவற்றை அளந்து கணக்குப் போடும் இயலுக்கு 'கடல் இயற்பியல்' என்று பெயர். இதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஏன் கொடுக்கிறார்கள்? கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டவரே ஒரு பழைய பேங்க் குமாஸ்தாதான்!

குமாஸ்தா கடலுக்குப் போன கதை

வால்டர் மங்க் 1917-ல் வியன்னாவில் பிறந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. பையன் படிப்பைவிட பனிச்சறுக்கில் அதிக ஆர்வம் காட்டுகிறான் என்று பதினாலு வயதில் நியூயார்க்குக்கு அனுப்பி வைத்தார்கள். பள்ளிக்கூடம் முடித்ததும் குடும்பத்துக்குத் தொடர்புள்ள ஒரு பேங்கில் வேலை. லெட்ஜர், வவுச்சர், டோட்டல். பையனுக்குப் பிடிக்கவே இல்லை. உதறிவிட்டு கலிஃபோர்னியாவுக்குப் போய் இயற்பியல் படித்தார்.

1939 கோடை விடுமுறையில் லா ஹோயா என்கிற கடலோர ஊரில் இருக்கும் ஸ்க்ரிப்ஸ் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தார். கடல் மீது காதல் என்று நினைக்காதீர்கள். அவருக்குப் பிடித்த பெண் லீவுக்கு அந்த ஊருக்கு வந்திருந்தாள். அவ்வளவுதான் காரணம். மங்க் இதை ஒளிக்காமல் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காதல் நிலைக்கவில்லை. கடல்தான் நிலைத்தது. 2019-ல் 101 வயதில் காலமாகும் வரை!

அப்புறம் உலக யுத்தம். வட ஆப்பிரிக்கக் கரையில் படகுகளில் போய் இறங்க நேச நாட்டுப் படைகள் ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தன. ஒத்திகையில் அலை கொஞ்சம் உயர்ந்தாலே படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழப் பார்க்கிறது என்பதை மங்க் கவனித்தார். நிஜமாக இறங்கப் போகும் கரையிலோ அதைவிடப் பெரிய அலைகள் சர்வ சாதாரணம். அவரும் அவருடைய குருநாதர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் உட்கார்ந்து, எங்கோ வீசும் காற்றை வைத்து எத்தனை உயர அலை எப்போது கரைக்கு வரும் என்று கணக்கிடும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அந்த முறையை ராணுவ வானிலை அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1944 ஜூனில் நார்மண்டிக் கரையில் படைகள் இறங்குவதற்கு முன் அலை ஜோசியம் பார்த்தவர்களின் கையில் இருந்தது இந்த முறைதான். வானிலை சரியில்லை என்று படையெடுப்பு 5-ம் தேதியிலிருந்து 6-ம் தேதிக்குத் தள்ளிப் போனது சரித்திரம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படகோட்டிகளிடம் 'இன்றைக்கு அலை எத்தனை அடி?' என்று கேட்டால் அவர்கள் சொன்ன பதில், எல்லா அலைகளின் சராசரியாக இல்லை. இருப்பதற்குள் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியோடு ஒத்துப் போனது. மனுஷனுக்குப் பெரிய அலைதானே கண்ணில் படும்? சரி, அதையே அளவாக வைத்துக் கொள்வோம் என்றார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க அலை உயரம் என்று அறிவிப்பில் வருவது இந்தப் படகோட்டிக் கணக்குதான். நம் மீனவர்களுக்கு வரும் எச்சரிக்கையிலும் அதே அளவுதான்.

மூக்கைத் தூக்கி நிற்கும் கப்பல்

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு ஞானோதயம். தண்ணீருக்கு மேலே நடக்கிற சண்டையைவிட, கீழே நீர்மூழ்கிகள் ஆடும் கண்ணாமூச்சிதான் இனி முக்கியம். கடலுக்குள் ஒலி எப்படிப் போகிறது என்பது தண்ணீரின் சூட்டையும் உப்பையும் பொறுத்தது. ஆக, எதிரியின் நீர்மூழ்கியைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் கடலைப் படிக்க வேண்டும். 1946-ல் கடற்படை ஆராய்ச்சி அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். விஞ்ஞானிகளிடம், "நீங்கள் கேளுங்கள், நாங்கள் தருகிறோம்" என்று தாராளமாகப் பணம் கொடுத்த அலுவலகம் இது. 1950-ல்தான் ராணுவம் சாராத தேசிய அறிவியல் நிதி நிறுவனம் வந்தது. அதற்கு முதல் டைரக்டராகப் போன ஆலன் வாட்டர்மன்கூட கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து வந்தவர்தான். தாய்வீட்டுச் சீர் மாதிரி.

அந்தத் தாராளத்தில் பிறந்த அதிசயங்களில் ஒன்று 'ஃப்ளிப்'. 1962-ல் கடலில் இறங்கியது. 108 மீட்டர் நீளம். எஞ்சின் கிடையாது, இன்னொரு கப்பல் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. நடுக்கடலுக்குப் போனதும் பின்பக்கத் தொட்டிகளில் தண்ணீரை நிரப்புவார்கள். கப்பல் மெள்ள மெள்ள நிமிர்ந்து, அரைமணி நேரத்துக்குள் செங்குத்தாக நின்றுவிடும். முன்பக்கம் மட்டும் அடுக்குமாடி மாதிரி வெளியே தெரியும். அலை எவ்வளவு அடித்தாலும் அவ்வளவாக அசையாது. படுத்திருக்கும்போது சுவராக இருந்தது நிமிர்ந்ததும் தரையாகிவிடும் என்பதால், வாஷ்பேசினைக்கூட இரண்டு இரண்டாகப் பொருத்தியிருந்தார்கள். ஒன்று படுத்த நிலைக்கு, ஒன்று நின்ற நிலைக்கு.

1963-ல் மங்க் இந்தக் கப்பலையும் சேர்த்து நியூஸிலாந்திலிருந்து அலாஸ்கா வரை வரிசையாக ஆறு இடங்களில் கருவி வைத்தார். தானே குடும்பத்தோடு ஸமோவா தீவில் போய் உட்கார்ந்தார். அன்டார்ட்டிகா பக்கம் புயலில் பிறந்த அலை, பசிபிக் முழுவதையும் கடந்து அலாஸ்காக் கரையில் வந்து முடிவதைப் பின்தொடர்ந்து காட்டினார். அலையை எண்ணியே காட்டிவிட்டார் மனுஷன்! லஞ்சம் வாங்காமல்.

'சரி, அலாஸ்காவுக்கு அலை போனால் நமக்கென்ன?' என்பீர்கள். கேரளாக்காரர்கள் 'கள்ளக்கடல்' என்பார்கள். உள்ளூரில் காற்றும் இல்லை, மழையும் இல்லை, வானம் நிர்மலமாக இருக்கும். திடீரென்று கடல் திருடன் மாதிரி உள்ளே வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, தெற்கே எங்கோ வீசிய புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வதுதான் அது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிர் போனது இப்படி ஒரு கொந்தளிப்பில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அப்போது எச்சரிக்கை கொடுத்திருந்தது. வெயில் அடிக்கிற தெளிந்த நாளில் அப்படி ஒரு எச்சரிக்கை கொடுக்க முடிகிறதென்றால், அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ அலை எண்ணியதால்தான். எண்ணியதைக் கரையில் நிற்கிறவன் காதில் போடுவது அடுத்த வேலை. அது இன்னும் பாக்கி இருக்கிறது.

உங்கள் சம்பளத்துக்கு நீங்களே அப்ளிகேஷன்

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வுட்ஸ் ஹோல் என்று புகழ்பெற்ற கடல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1930-ல் ஆரம்பித்தது. அங்கே விஞ்ஞானியாகச் சேர்ந்தால் ஆபீஸ் ரூம் உண்டு, கடலைப் பார்த்த ஜன்னல் உண்டு. சம்பளத்தின் பெரும்பகுதி மட்டும் நீங்களே கொண்டு வர வேண்டும்! அரசாங்கத்துக்கு ஆராய்ச்சி மனு எழுதி, அது தேறினால் வருகிற பணத்தில்தான் உங்கள் சம்பளம், உதவியாளர் சம்பளம், மாணவனின் உதவித்தொகை எல்லாம். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஸாஃப்ட் மணி'. பெயர்தான் ஸாஃப்ட்.

மனு எப்படி? தேசிய அறிவியல் நிதி நிறுவனத்தில் 15 பக்கத்துக்குள் திட்டத்தை விவரிக்க வேண்டும். ஒரு பக்கச் சுருக்கம். பட்ஜெட். இதனால் அறிவியலுக்கு என்ன லாபம், ஊர் உலகத்துக்கு என்ன லாபம் என்று தனித்தனியாக விளக்கம். அதை அதே துறையைச் சேர்ந்த மற்ற விஞ்ஞானிகள் படித்து மார்க் போடுவார்கள். அதாவது, உங்கள் இன்க்ரிமென்ட்டை அடுத்த ஸீட்காரர் தீர்மானிப்பார். நாளைக்கு அவருடையதை நீங்கள். சுமாராக நாலு மனுவில் ஒன்று தேறும்.

தேறினாலும் முழுப் பணம் கைக்கு வராது. கட்டடம், கரண்ட், கணக்கர் என்று நிறுவனத்தின் மறைமுகச் செலவு இருக்கிறதே? செலவு நூறு டாலர் என்றால் அதற்குமேல் ஐம்பது டாலருக்கும் அதிகமாக இந்தக் கணக்கில் கேட்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. கப்பல் தனி. பெரிய ஆராய்ச்சிக் கப்பலுக்கு ஒரு நாள் செலவு நாற்பதாயிரம் டாலரைத் தாண்டும். புயல் வந்து சும்மா நின்றாலும் மீட்டர் ஓடும். நம் ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவோ தேவலை.

இவ்வளவும் ஆகி, ஒரு அரசியல்வாதி கண்ணில் பட்டால் போச்சு. அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் 1975-ல் ஒரு பரிசு ஏற்படுத்தினார். மக்கள் வரிப்பணத்தை வீணடிக்கும் ஆராய்ச்சிக்கு மாதா மாதம் 'தங்கக் கம்பளி' விருது! முதல் விருது, மனிதர்கள் ஏன் காதலிக்கிறார்கள் என்று ஆராய 84,000 டாலர் கொடுத்ததற்காக. காதல் புதிராகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி. (வால்டர் மங்க்கைக் கேட்டிருந்தால், அந்த விஷயத்தில் விசாரிக்காமல் இருப்பதே நல்லது என்றுகூடச் சொல்லியிருப்பார்.)

நியாயமாகப் பார்த்தால் செனட்டர் கேட்டதும் எங்கள் ஹெட் கிளார்க் கேட்டதும் ஒரே கேள்விதான். ஊரார் பணத்தை வாங்குகிறவர் ஊராருக்குக் கணக்குச் சொல்லத்தான் வேண்டும். தகராறு அதில் இல்லை. கடல் கணக்கு எப்போது டேலி ஆகும் என்பதில்தான் இருக்கிறது.

தாது வருஷமும் தாத்தாவும்

அதைப் புரிந்துகொள்ள நம் ஊருக்கே வருவோம். தாது வருஷப் பஞ்சம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876-ல் மழை பொய்த்தது. 1877-லும் பொய்த்தது. சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கில் செத்தார்கள். ஊரில் தானியம் இல்லாதபோதும் கப்பலில் தானியம் போனது வெள்ளைக்கார ஆட்சியின் பாவம். ஆனால் மழை ஏன் பொய்த்தது? அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

1904-ல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக கில்பர்ட் வாக்கர் என்ற கணித நிபுணர் வந்தார். பருவமழையை முன்கூட்டியே சொல்ல வழி தேடி, உலகத்தின் வானிலைக் கணக்குகளையெல்லாம் குமாஸ்தாக்களை வைத்துக் கூட்டிக் கழிக்கச் செய்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நம் ஆள்கள்தான் கம்ப்யூட்டர். அந்தக் கூட்டலில் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம், இந்துமகா சமுத்திரம் வரை, இறங்குகிறது. ஏற்றமரம் மாதிரி. இது ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. பிற்பாடு 1960-களில்தான் புரிந்தது: பசிபிக் கடல்தான் அந்த ஏற்றமரத்தின் அச்சு.

சாதாரணமாக, பசிபிக்கில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, மேல்மட்டத்துச் சுடுநீரை இந்தோனேஷியா பக்கம் தள்ளி ஒதுக்கி வைக்கிறது. சில வருஷம் அந்தக் காற்று தளர்ந்துவிடும். ஒதுங்கி நின்ற சுடுநீர் கிழக்கே பெரு நாட்டுப் பக்கம் திரும்பி வழியும். இதுதான் எல் நினோ. சுடுநீர் நகர்ந்தால் மழையும் கூடவே நகரும். நம் தென்மேற்குப் பருவமழை பல தடவை இதில்தான் அடி வாங்கியிருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னாலும் ஒரு பலத்த எல் நினோ இருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் 1982-ல் கோட்டை விட்டார்கள். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்கூட்டிச் சொல்வது இருக்கட்டும், வந்து நடுவீட்டில் உட்கார்ந்த பிறகும் விஞ்ஞானிகளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வருஷம் மெக்ஸிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து, அதன் தூசு சாட்டிலைட்டின் கண்ணை மறைத்துவிட்டது. கடலுக்குள்ளேயோ அளக்க ஆளில்லை.

எழுபது மிதவைகள்

சூடு பட்டால்தானே புத்தி வரும்? 1985-ல் பத்து வருஷத் திட்டம் ஒன்றை ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், பத்து வருஷம். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டலத் துறையின் ஸியாட்டில் ஆராய்ச்சிக் கூடம் விலை மலிவான ஒரு மிதவையை வடிவமைத்தது. மேலே காற்றை அளக்கும் கருவி. கீழே 500 மீட்டர் ஆழம் வரை கம்பியில் வரிசையாகத் தெர்மாமீட்டர்கள். நாலு கிலோமீட்டர் ஆழத்தில் நங்கூரம். நங்கூரம் என்றால் விசேஷமாகச் செய்தது இல்லை, பழைய ரயில் சக்கரங்கள்! காயலான் கடை சரக்கு கடலுக்கடியில் போய் விஞ்ஞானத்துக்கு உழைத்தது. அளந்ததை மிதவை அன்றாடம் சாட்டிலைட் வழியாகச் சொல்லிவிடும்.

1994 டிசம்பரில், பசிபிக்கின் நடுக்கோடு நெடுகிலும் சுமார் 70 மிதவைகள் நின்றன. மூன்றே வருஷத்தில் வந்தது பரீட்சை. 1997-ல் மறுபடி ஒரு ராட்சஸ எல் நினோ. இந்தத் தடவை நாளுக்கு நாள், ஆழம் ஆழமாக, சுடுநீர் கிழக்கே நகர்வதை உலகமே பார்த்துக் கொண்டிருந்தது. பல மாதம் முன்னதாகவே நாடுகளுக்கு எச்சரிக்கை போனது. செலவு செய்த காசு வட்டியோடு திரும்பி வந்தது.

இங்கேதான் சினிமா முடிந்து 'சுபம்' போட வேண்டும். போடவில்லை.

நம் வீட்டு அனுபவம்தான். புது மோட்டார் வாங்க எல்லோரும் காசு போடுவார்கள். ரிப்பேர் என்று சொல்லுங்கள், அவனவன் செருப்பைத் தேடுவான். மிதவை கண்டுபிடிப்பாக இருந்தவரை அதற்கு மவுசு. கண்டுபிடித்தாயிற்று, வேலையும் செய்கிறது, இனி அது வெறும் பராமரிப்பு. கடலில் எதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா நிற்காது. உப்பு அரிக்கும், பாசி பிடிக்கும். மிதவையைச் சுற்றி மீன் கூடுவதால் மீன்பிடிப் படகுகள் வந்து அதிலேயே கயிறு கட்டும். கப்பல் போய்ப் பழுது பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கென்றே 'கயிமிமோவானா' என்று ஒரு கப்பல் இருந்தது. 1996 முதல் இந்த வேலைதான். 2012-ல் செலவைக் குறைக்க வேண்டும் என்று அதை நிறுத்தினார்கள். வேறு கப்பலை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம் என்பது யோசனை. சமாளிக்க முடியவில்லை. எண்பது விழுக்காட்டுக்கு மேல் தகவல் தந்துகொண்டிருந்த வரிசை, 2014 ஆரம்பத்தில் நாற்பது விழுக்காடு அளவுக்கு இறங்கிவிட்டது. பாதிக்கு மேல் கண் அவிந்த மாதிரி. 1982-க்குத் திரும்பிப் போகிறோமே என்று விஞ்ஞானிகள் அலறினார்கள். விஷயம் பத்திரிகைகளில் வந்து, மானம் போய், அந்த வருஷக் கடைசிக்குள் மறுபடி கப்பல் போய்ச் சரி செய்தார்கள். நல்ல காலம். அடுத்த வருஷமே, 2015-ல், இன்னொரு ராட்சஸ எல் நினோ!

மூணு வருஷ கிராண்ட், முப்பது வருஷக் கடல்

பிரச்னையின் ஆணிவேர் இதுதான். ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குக் கொடுப்பார்கள். கடலுக்கு அந்தக் காலண்டர் தெரியாது. எல் நினோ இரண்டிலிருந்து ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை வரும். ஆழ்கடல் ஓட்டங்களின் மாற்றம் தெரியப் பத்து வருஷமாவது வேண்டும். மூன்றாம் வருஷம் ரிப்போர்ட் கேட்டால், 'ஸார், இன்னும் அளந்துகொண்டுதான் இருக்கிறேன்' என்பதுதான் யோக்கியமான பதில். அந்தப் பதிலுக்கு மார்க் வராது.

ஸ்க்ரிப்ஸிலேயே வேலை பார்த்த சார்லஸ் கீலிங், 1958 முதல் ஹவாய் மலைச்சரிவில் காற்றில் கரியமில வாயுவை அளந்தார். பூமி சூடாகும் விவகாரத்துக்கே ஆதார சுருதி அந்தக் கோடுதான். 1964-ல் நிதி வெட்டு. சில மாதம் அளவை நின்றது. அந்தக் கோட்டில் அங்கே ஒரு இடைவெளி இன்றைக்கும் இருக்கிறது. கோடி டாலர் கொண்டுவந்து கொட்டினாலும் 1964-ன் காற்றை இனி அளக்க முடியாது. லெட்ஜரில் விட்டுப்போன என்ட்ரியை ராத்திரி உட்கார்ந்து எழுதிவிடலாம். இயற்கையின் லெட்ஜரில் பேக்-டேட் போட முடியாது.

2025-ல் அமெரிக்க அரசு அடுத்த நிதியாண்டுக்கு முன்வைத்த யோசனையில், தேசிய அறிவியல் நிதி நிறுவனத்தின் பணத்தைச் சுமார் 900 கோடி டாலரிலிருந்து 390 கோடிக்கு வெட்டச் சொல்லியிருந்தது. மிதவையைக் கண்டுபிடித்த ஸியாட்டில் கூடம் எந்தப் பிரிவில் இருக்கிறதோ, அந்த ஆராய்ச்சிப் பிரிவையே எடுத்துவிடவும் யோசனை. அங்கே பணத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குத்தான் என்பதால் யோசனை அப்படியே உத்தரவாகிவிடாது. ஆனால் மிதவையைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் போனது போனதுதான்.

நம் பக்கத்துக் கணக்கு

'அவன் காசு, அவன் கடல். நமக்கென்ன?' என்று விட முடியாது. 1997-ல் அத்தனை பெரிய எல் நினோ வந்தும் நம் பருவமழை பழுதில்லாமல் பெய்தது. 2002-ல் அதைவிடச் சின்ன எல் நினோவுக்கே கடும் வறட்சி. ஏன்? இந்துமகா சமுத்திரத்துக்குள்ளேயே கிழக்கும் மேற்கும் சூடு மாறி மாறி ஆடும் ஒரு ஊஞ்சல் இருப்பதை 1999-ல்தான் கண்டுபிடித்தார்கள். அதில் இந்திய விஞ்ஞானிகளுக்கும் பங்கு உண்டு. 1997-ல் அந்த ஊஞ்சல் நமக்குச் சாதகமாக ஆடியது. தமிழ்நாட்டுக்கு இன்னொரு விசேஷம்: எல் நினோ வருஷங்களில் நம் வடகிழக்குப் பருவமழை அதிகமாகப் பெய்யும் போக்கு உண்டு. 2015 டிசம்பரில் சென்னை மிதந்ததே, அதுவும் எல் நினோ வருஷம்தான்.

ஆக, நம் கடலையும் அளந்தாக வேண்டும். 2004-ல் இந்துமகா சமுத்திரத்திலும் பசிபிக் மாதிரி மிதவை வரிசை போட ஆரம்பித்தார்கள். 46 மிதவைகள் என்று திட்டம். கருவி பெரும்பாலும் அமெரிக்காவினுடையது. கொண்டுபோய்ப் போடக் கப்பல் கொடுத்ததில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு. கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒரு அண்ணன் கையை விரித்தால் அடுப்பு எரியாது. ஸோமாலியா பக்கம் கடற்கொள்ளையர் பயத்தில் சில இடங்களில் மிதவையே போட முடியாமல் போனது தனிக் கதை. நம் பங்குக்கு, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுத்திப் பராமரிக்கிறது. அதிலும் படகு கட்டுவது, கருவியைக் கழற்றுவது எல்லாம் உண்டு. கரைக்கு வந்து மீனவர்களிடம், 'அண்ணே, புயல் சேதி உங்களுக்குச் சொல்றதே அதுதான்' என்று கூட்டம் போட்டு விளக்குகிறார்கள்.

போன வாரம் அதே கான்டீனில் ஹெட் கிளார்க்கிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். எதிர்பார்த்ததைவிடப் பொறுமையாகக் கேட்டார். தாது வருஷம் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க கொள்ளுப் பாட்டன் அந்தப் பஞ்சத்துலதான் ஊரை விட்டுக் கிளம்பினாராம். எங்க அப்பா சொல்வாரு" என்றார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவருடைய பழைய குரல் திரும்பி வந்தது.

"எல்லாம் சரி தம்பி. அந்த 1964-ல கோட்டுல ஓட்டை விழுந்துதே... சேங்ஷன் ஃபைலை மூணு மாசம் வெச்சிருந்த ஆள் எவன்யா?"

"தெரியலை ஸார்."

"எனக்குத் தெரியும்" என்று எழுந்தார். "எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தன் இருப்பான். அவன்கிட்ட கேட்டா, 'அவசரம் ஒண்ணும் இல்லையே, கடல் எங்கே ஓடிடப் போவுது'ம்பான்."

தன் மேஜைக்குப் போனார். அங்கே ஒரு மாதமாகத் தூங்கிக் கொண்டிருந்த ஃபைல் கட்டை அவர் பிரிப்பதை என் கண்ணால் பார்த்தேன். கடல் ஆராய்ச்சியால் எங்கள் ஆபீஸுக்கு ஏற்பட்ட முதல் நன்மை அதுதான்.